கணக்கெடுப்பில் பாலின அடையாளத்தை எப்படிக் கேட்பது? குடியாத்தம் களத்திலிருந்து ஒரு கேள்வி

பாகாயம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். குடியாத்தம், கே.வி.குப்பம் பகுதிகளில் குடும்பங்கள் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவழிக்கின்றன, அதற்காக யாரிடம் கடன் வாங்குகின்றன, அந்தக் கடனை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வயது வந்தோர் 1,500 பேரை நேரில் சந்திப்பதாகத் திட்டம். வினாநிரல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதல் பக்கத்தில் வயதுக்கு அடுத்து வரும் ‘பால்’ என்ற கட்டத்தில் மட்டும் நிற்கிறேன்.

எங்கள் துறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் படிவத்தில் ஆண் 1, பெண் 2, மற்றவர் 3 என்று இருக்கிறது. களத்தில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் முகத்தையும் உடையையும் பார்த்து எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் இல்லாதவர்களுக்குக் குடும்பத் தலைவர் சொல்லும் பெயரே போதும். பெயரை வைத்துப் பாலை எழுதிவிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது, எந்தச் சிக்கலும் வந்ததில்லை என்கிறார் என் நெறியாளர்.

சிக்கல் வந்ததை நான் பார்த்தேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) முன்னோட்ட ஆய்வில் குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீடு. கைலி நெய்கிறவர். தறிக்குழியில் கால் மிதியை நிறுத்தாமலே பதில் சொன்னார். பெரியவன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான், சின்னவன் வீட்டோடு இருக்கிறான், பெண்ணை வெளியூரில் கொடுத்திருக்கிறோம் என்றார். நானும் எழுதிக்கொண்டேன். உள்ளிருந்து ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பின்னலிட்ட கூந்தல், காதில் சிறிய தோடு. அவரை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை. அப்பா தறியிலிருந்து தலை நிமிரவும் இல்லை.

நான் கிளம்பித் தெருக் குழாயைத் தாண்டும்போது அவர் பின்னாலேயே வந்தார். “அக்கா, என்னை என்னவென்று எழுதினீர்கள்?” என்றார். என்னவென்று எழுதட்டும் என்று கேட்டேன். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “நீங்கள் எழுதுவதை அப்பாவுக்குக் காட்டுவீர்களா?” என்றார். காட்ட மாட்டேன் என்றதும் ஒரு பெயரைச் சொன்னார். தறிக்குழியிலிருந்து எனக்குக் கிடைத்த பெயர் அது இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டம் ஒன்று, பதில் இரண்டு. அப்பாவின் பதிலையும் பொய் என்று தள்ள முடியவில்லை. அவர் மனத்தில் அது சின்ன மகன்தான். ஆனால் என் ஆய்வேட்டில் ‘ஆண்’ என்று போய்ச் சேரப்போவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. கடன், செலவு, வேலை எல்லாம் அந்த ‘ஆண்’ என்ற தலைப்பின் கீழ் கூட்டப்படும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ஆண், பெண் தவிர மூன்றாவது குறியீடு தனியாகக் கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் அதில் பதிவானார்கள். அப்போதும் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்லியிருப்பார். அப்படியானால் இந்த 22,364 என்பது எதனுடைய எண்?

நான் கேட்க விரும்புவது இதுதான். ஒரே கேள்வியில் திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்று விடைகளைச் சேர்த்தால் போதுமா? அல்லது வெளிநாட்டு ஆய்வுகளில் வருவதுபோல, பிறப்பில் என்ன, இப்போது என்ன என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டுமா? எல்லோரிடமும் கேட்பதா? வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது எப்படிக் கேட்பது? களத்தில் வேலை செய்தவர்களும், கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர்களும் எழுதினால் பெரிய உதவி.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அம்மா, காட்பாடியில் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நெசவாளர் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவிடம் நீங்கள் பெற்றது பிள்ளையின் பாலின அடையாளம் இல்லை. பிள்ளையைப் பற்றி அப்பா வெளியாருக்குச் சொல்லும் பதில். அதுவும் தரவுதான், ஆனால் வேறு தரவு. ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் எழுதினால் அளவீடு கெட்டுப்போகிறது.

2011 எண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த 4,87,803 பேரில் 54,854 பேர் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். இரண்டு வயதுக் குழந்தை தன் பாலின அடையாளத்தைச் சொல்லியிருக்க வழியில்லை. ஆண், பெண் என்று உடற்கூறில் தெளிவாகப் பிரியாத இடைப்பாலினக் குழந்தையாகப் பிறந்ததால் பெற்றோர் சொன்னதா, குறியீடு மாறி விழுந்ததா, அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரியவர்களில் தன்னைத் திருநங்கை என்று சொல்ல முடியாத எத்தனையோ பேர் ஆண் கட்டத்துக்கும், எத்தனையோ திருநம்பிகள் பெண் கட்டத்துக்கும் போயிருப்பார்கள். உடற்கூறு பற்றிய செய்தியும் அடையாளம் பற்றிய செய்தியும் ஒரே மூன்றாம் எண்ணுக்குள் அடைக்கப்பட்டதன் விளைவு இது.

இதைப் பிரிப்பதற்காக வந்ததுதான் இரண்டு படிக் கேள்வி. முதலில் பிறப்பில் பதிந்த பால், அடுத்து இப்போதைய பாலினம். இரண்டும் வேறுபட்டால் அவரை மாறிய பாலினத்தவர் என்று ஆய்வாளர் கணக்கிடுகிறார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் பரிந்துரைக்கிறது. கனடா 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படிக் கேட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 3 கோடியே 5 லட்சம் பேரில் 1,00,815 பேர், அதாவது 0.33 விழுக்காட்டினர், மாறிய பாலினத்தவராகவோ ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவராகவோ பதிவானார்கள்.

இங்கிலாந்தும் வேல்ஸும் அதே 2021-இல் வேறு வழியில் போயின. பிறப்பில் பதிந்த பாலும் நீங்கள் உணரும் பாலினமும் ஒன்றா என்று ஒரே வாக்கியத்தில் கேட்டார்கள். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும். விருப்பம் இருந்தால் பதில் சொல்லலாம். 2,62,000 பேர், 0.5 விழுக்காடு, ‘இல்லை’ என்றார்கள். ஆறு விழுக்காட்டினர் கேள்வியையே விட்டுவிட்டார்கள். பிறகு பகுதிவாரியாகப் பார்த்தபோது, லண்டனில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த நியூஹாம், பிரென்ட் போன்ற இடங்களில் விகிதம் மேலே நின்றது. ஆங்கிலத்தை முதன்மை மொழியாகக் கொள்ளாதவர்களிடம் ‘இல்லை’ என்ற விடை கூடுதலாக இருந்தது. கேள்வியின் நீண்ட வாக்கியம் புரியாமல் பலர் ‘இல்லை’ என்று குறித்திருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. 2024-இல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே அந்த எண்களை முழுத் தகுதி பெற்ற அரசுப் புள்ளிவிவரம் என்ற வரிசையிலிருந்து இறக்கி, இன்னும் வளர்நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தியது.

இங்கே உள்ள கணக்கை உங்கள் நெறியாளருக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்தாயிரம் பேரில் உண்மையாகவே 50 பேர் மாறிய பாலினத்தவர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,950 பேரில் இருநூற்றுக்கு ஒருவர் கேள்வி புரியாமல் தவறாகச் சொன்னால் அதுவும் ஏறக்குறைய 50. உங்கள் கையில் நூறு பேர் இருப்பார்கள், பாதிப்பேர் தவறாக வந்தவர்கள். இருநூற்றுக்கு ஒரு பிழை என்பது வேறு எந்தக் கேள்வியிலும் நாம் திரும்பிப் பார்க்காத அளவு. சிறு குழுவை அளக்கும்போது மட்டும் அது விடையையே விழுங்கிவிடுகிறது. அதனால் இரண்டு விடையும் வேறுபட்டால் உடனே ஒரு உறுதிக் கேள்வி வேண்டும்: “பிறந்தபோது ஆண் என்று பதிந்தார்கள், இப்போது பெண் என்று சொல்கிறீர்கள், நான் சரியாக எழுதியிருக்கிறேனா?” டேப்லெட்டில் கேட்கிறீர்கள் என்றால், விடைகள் வேறுபடும்போது மட்டும் இது திரையில் வருமாறு அமைத்துவிடலாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2021 முதல் தன் வீட்டு ஆய்வு ஒன்றில் இப்படித்தான் செய்தது.

1,500 பேரில் உங்களுக்கு ஏழெட்டுப் பேர் கிடைத்தால் அதிகம். அதை வைத்து வேலூர் மாவட்டத்தில் இத்தனை விழுக்காடு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். யாரும் தவறான கட்டத்தில் விழக்கூடாது என்பதற்காகத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அந்தக் காரணமே போதும். அவர்களுடைய கடன் நிலையைத் தனியாக ஆராய வேண்டுமென்றால் அதற்கு வேறு மாதிரி முறை வேண்டும்.

---

சேண்பாக்கத்துக்காரி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் திருநங்கை. சேண்பாக்கத்தில் மூத்தவர் ஒருவரை அம்மாவாக ஏற்றுக்கொண்டு அவருடைய வீட்டில் இருக்கிறேன். எங்களை எண்ண வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களின் ஆய்வுகள் தொடங்கி மாணவர்கள் வரை வருகிறார்கள். பதில் சொல்லிப் பழகியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சார் சொன்ன இரண்டு படிக் கேள்வி எங்கள் வாசலில் எப்படி உடையும் என்று சொல்கிறேன். பிறப்பில் ஆணா பெண்ணா என்று கேட்டால் எங்கள் வீட்டில் பாதிப்பேர் “பெண்ணாகத்தான் பிறந்தேன்” என்பார்கள். ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தோம், ஊர்தான் வேறு மாதிரி அழைத்தது. அடுத்து இப்போது யார் என்று கேட்டால் “பெண்” என்பார்கள். பெண், பெண். உங்கள் கணக்கில் அவர்கள் திருநங்கையாகவே வரமாட்டார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போவதால் சார் சொன்ன உறுதிக் கேள்வியும் திரையில் வராது. ஆனால் இரண்டாவது கேள்வியில் ஆண், பெண், திருநங்கை, திருநம்பி என்று நான்கையும் வாசித்தால், திருநங்கை என்ற இடத்தில் நிறுத்திச் சொல்வார்கள். அது எங்களுக்குப் பெருமையான பெயர். 2008-இல் இந்த மாநிலத்தில் நல வாரியம் வந்தது, ஏப்ரல் 15 திருநங்கையர் நாளாக இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ‘மற்றவர்’ என்ற கட்டத்துக்குள் மட்டும் யாரையும் போடாதீர்கள்.

அடுத்து, அறுவை சிகிச்சை. எங்களிடம் வரும் படிவங்களில் பாலினம் என்ற தலைப்பின் கீழேயே “ஆயிற்றா, ஆகவில்லையா” என்று கேட்டுவிடுகிறார்கள். ஆனவள்தான் திருநங்கை என்பதுபோல. 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையை வற்புறுத்தக்கூடாது என்று. ஆனால் உங்கள் ஆய்வு மருத்துவச் செலவைப் பற்றியது. அப்படியென்றால் அதைச் செலவுப் பகுதியில் கேளுங்கள், பிரசவச் செலவு, கண் அறுவைச் செலவு போல அதற்கும் ஒரு வரி கொடுங்கள். சென்னையில் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள். காத்திருக்க முடியாதவர்கள் தனியாரிடம் போகிறார்கள், வட்டிக்கு வாங்கிப் போகிறார்கள். ஹார்மோன் மாத்திரைக்கு மாதாமாதம் போகும் பணம், முகத்து முடி அகற்றும் செலவு, இவற்றை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. கடன் யார் தலையில் என்று கேட்கிறீர்களே, எங்கள் வீட்டுக் கடன் நோட்டில் பெரிய எண்கள் எல்லாம் இவைதான். பாலினத்தைச் சரியாகக் கேட்டுவிட்டு இதற்கு இடம் வைக்காமல் போனால் நீங்கள் எங்களை எண்ணியும் பயனில்லை.

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று வைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரே அடுப்புதான். அம்மா, அவருடைய மகள்கள் நாங்கள், எங்களுக்கு மகளாக வந்தவள். படிவத்தில் ‘தலைவருக்கு உறவு’ என்ற இடத்தில் எங்கள் எல்லோரையும் ‘உறவினர் அல்லாதவர்’ என்று எழுதிவிட்டுப் போனார் ஒருவர். அம்மா படிக்காதவர், ஆனால் என்ன எழுதினார் என்று என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன் பிறகு அவர் அந்த ஆளிடம் பேசவில்லை. தங்கச்சி, மகள் என்று சொன்னால் மகள் என்று எழுதுங்கள். இரத்த உறவா, ஏற்ற உறவா என்பது உங்கள் ஆய்வுக்கு வேண்டுமானால் பக்கத்தில் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, வாடகை. எங்களில் பலர் வீட்டுக்காரரிடம் முழு விவரமும் சொல்லிவிட்டு வீடு எடுப்பதில்லை. நீங்கள் தெருவில் நின்று, திருநங்கை வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தால் அடுத்த மாதம் அந்த வீடு எங்களுக்கு இருக்காது. எல்லா வீட்டுக்கும் போவதுபோலவே எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் போய்விடுவோம், அப்போது வந்தால் பூட்டுதான் இருக்கும்.

அந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்பாவுக்குக் காட்டுவீர்களா என்று கேட்டதே, அதற்குப் பதில் உங்கள் படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. அந்த வீட்டுக்குச் சரிபார்க்கத் திரும்ப ஆள் அனுப்புவீர்கள் அல்லவா, அந்த ஆள் கையில் எந்தத் தாள் இருக்கும்?

---

ஆயிஷாவின் அண்ணன் எழுதியது:

பேர்ணாம்பட்டிலிருந்து எழுதுகிறேன். கள மேற்பார்வையாளன். சார் சொன்ன லண்டன் செய்தி எங்கள் ஊருக்கும் பொருந்தும். இங்கே ஒரு தெரு உருது பேசும், அடுத்த தெரு தமிழ் பேசும், மலையடிவாரத்துக்குப் போனால் தெலுங்கு. தமிழில் அச்சடித்த கேள்வியைக் களப்பணியாளர் அந்த இடத்திலேயே தன் வாய்க்கு வந்தபடி உருதுவிலும் தெலுங்கிலும் மாற்றிக் கேட்கிறார். வயதைக் கேட்கும்போது அதனால் பெரிய கேடில்லை. இந்தக் கேள்வியில் பெரும் கேடு. மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி, அந்த மொழிக்காரர்களிடம் வாசித்துக் காட்டி, கையில் கொடுத்தனுப்புங்கள்.

பிறப்புச் சான்றிதழில் என்ன பதிந்தார்கள் என்று கேட்பது அமெரிக்காவுக்குச் சரி. எங்கள் ஊரில் அறுபது வயதுக்காரர் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. “எனக்கு ஏது சான்றிதழ்?” என்று அதிலேயே நின்றுவிடுவார்கள். “பிறந்தபோது வீட்டில் ஆண் குழந்தை என்றார்களா, பெண் குழந்தை என்றார்களா?” என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது.

பீடி சுற்றும் ஒரு பாட்டியிடம் இரண்டு கேள்வியையும் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், விரல் நிற்கவே இல்லை. முதல் கேள்விக்குப் பெண் என்றார். இரண்டாவதைக் கேட்டதும் விரல் நின்றுவிட்டது. “ஆறு பிள்ளை பெற்றவளிடம் இதைக் கேட்கிறாயே மகளே, என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது?” என்று கோபித்துக்கொண்டார். களப்பணிப் பெண் நிதானமாக, “எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறோம் பாட்டி, பார்த்து எழுதக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு” என்றார். பாட்டி சற்று யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான், எங்கள் ஓரகத்தி பேரன் ஒருவன் அப்படி இருக்கிறான்” என்று தானாகவே பேசத் தொடங்கினார். அதனால் எல்லோரிடமும் கேட்பதா என்று தயங்காதீர்கள். சிலரிடம் மட்டும் கேட்டால்தான் அவமானம். எல்லோரிடமும் கேட்கிறோம் என்ற ஒரு வாக்கியத்தைக் கேள்விக்கு முன்னாலேயே அச்சில் வைத்துவிடுங்கள்.

வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுக் கேட்காமல் இருக்க வழி உண்டு. விடைகளை எண்ணிட்டு அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்து, எண்ணை மட்டும் சொல்லச் சொல்லலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு டேப்லெட்டில் பதிவு செய்த குரலைக் காதில் கேட்கவைத்து, அவரே திரையில் தொடும்படி செய்யலாம். இரண்டாவது வழிதான் எங்கள் பக்கத்துக்கு நல்லது. பெண்களுக்குப் பெண் பணியாளர் என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும். ஆனால் கொழுந்தனோ மாமியாரோ பதில் சொல்ல முன்வருவதைத் தடுப்பதுதான் இங்கே கடினம். படிவத்தின் இந்தப் பகுதியில் ரத்த அழுத்தம் பார்க்கிறோம் என்று சேர்த்துக்கொண்டால் தனியாக உட்கார ஒரு காரணம் கிடைக்கும். உண்மையிலேயே பார்த்து, எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய்க் காரணமாக இருக்கக்கூடாது.

---

பாகாயம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிவை அப்படியே அச்செடுத்து நெறியாளர் மேசையில் வைத்தேன். செலவுப் பகுதியில் ஹார்மோன், முடி அகற்றுதல், பாலின உறுதி அறுவை சிகிச்சை மூன்றையும் சேர்க்க அவர் உடனே ஒப்புக்கொண்டார். பாலினக் கேள்வியில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். குடும்ப உறுப்பினர் பட்டியலில் ‘பால்’ என்ற தலைப்பை, ‘பால், பதில் சொன்னவர் கூறியபடி’ என்று மாற்றிவிட்டேன். அது யாருடைய சொல் என்பது கட்டத்திலேயே தெரியட்டும். பதில் சொன்னவர் யார் என்பதற்கும் பக்கத்தில் ஒரு கட்டம். உறவுக் குறியீட்டில் ‘ஏற்றுக்கொண்ட மகள், தாய், சகோதரி’ சேர்ந்துவிட்டது. தனி நேர்காணல் வேறு தாளில். அதன் முதல் வரி, “இதை எல்லோரிடமும் கேட்கிறோம், நீங்கள் சொல்வதை உங்கள் வீட்டாரிடமோ வேறு யாரிடமோ காட்ட மாட்டோம்.” சரிபார்ப்புக்குத் திரும்பப் போகிறவர் கையில் குடும்பப் பட்டியல் மட்டும் இருக்கும். தனி நேர்காணல் தாளை அவர் பார்க்கவே முடியாது.

கேள்விகள்: “பிறந்தபோது வீட்டில் உங்களை ஆண் குழந்தை என்றார்களா, பெண் குழந்தை என்றார்களா?” அடுத்து, “இப்போது நீங்கள் உங்களை யாராகக் கருதுகிறீர்கள்?” விடைகள்: பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, வேறு, சொல்ல விருப்பமில்லை.

வரிசையில்தான் முடிவெடுக்க முடியவில்லை. பிறப்பை முதலில் கேட்டால் அக்கா வீட்டில் கதவு சாத்தப்படும் என்று தோன்றுகிறது. பிறப்பைப் பின்னால் தள்ளினால், “இப்போது யார்” என்று எடுத்தவுடன் கேட்பது மற்றவர்களுக்குக் குழப்பமாக இருக்குமோ? இன்னொன்றும் கேட்க வேண்டும். திருநம்பிகளை எங்கே சந்திப்பது? முன்னோட்டத்தில் ஒருவர்கூட வரவில்லை.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அமெரிக்க அறிக்கை பிறப்பை முதலில் வைக்கிறது. ஆனால் அந்த வரிசை அந்த ஊர் மக்களிடம் சோதித்து வந்தது. சேண்பாக்கத்து அம்மா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்து இது: உங்கள் விடைப்பட்டியலில் திருநங்கை, திருநம்பி என்று நேராகவே இருப்பதால், இப்போதைய பாலினத்தை முதலில் கேட்கலாம். அந்த இரண்டில் ஒன்றைச் சொன்னவரிடம் பிறப்புக் கேள்வி தேவையே இல்லை, தாண்டிவிடுங்கள். மற்றவர்களிடம் மட்டும் இரண்டாவதாகக் கேளுங்கள். அடையாளம் இழக்காமல் தகவல் கிடைக்கிறது, தேவையில்லாத கேள்வியும் குறைகிறது. மருத்துவச் செலவில் கர்ப்பப்பை, புராஸ்டேட் போன்ற பகுதிகள் வந்தால், அங்கே பிறப்பை வைத்து ஊகிக்காமல் எல்லோருக்கும் அந்தச் செலவு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

முன்னோட்டத்தில் இரண்டு வரிசையையும் பாதிப்பாதி பேரிடம் கேட்டுப் பாருங்கள். விடை சொன்ன பிறகு, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொண்டீர்கள்? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்” என்று விசாரியுங்கள். எத்தனை பேர் விட்டார்கள் என்பதைவிட என்ன புரிந்துகொண்டார்கள் என்பது முக்கியம்.

ஆய்வேட்டில் அட்டவணை போடும்போது ஒரு எச்சரிக்கை. கிராமவாரியாகப் பிரித்து, ஒரு ஊரில் திருநங்கை 1, கடன் இவ்வளவு என்று அச்சடித்தால், பெயர் போடாவிட்டாலும் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். சிறிய எண்கள் வரும் கட்டங்களைத் தாலுகா அளவுக்குச் சேர்த்துவிடுங்கள். வீட்டின் ஜி.பி.எஸ். இருப்பிடத்தை டேப்லெட் தானாகவே பதிந்துகொள்ளும். தரவைப் பிறருக்குக் கொடுக்கும் முன் அதை நீக்க வேண்டும்.

---

சேண்பாக்கத்துக்காரி எழுதியது:

சார் சொன்ன வரிசை சரி. திருநங்கை என்று சொன்ன பிறகு பிறப்பைக் கேட்காமல் விட்டால் எங்கள் அம்மா உட்கார்ந்து முழுப் படிவத்துக்கும் பதில் சொல்வார்.

திருநம்பிகள் பற்றிக் கேட்டாய் தங்கச்சி. எங்களுக்கு வீட்டை விட்டு வெளியே வந்தால் சேர்ந்து இருக்க ஒரு வீடு உண்டு, அம்மா உண்டு. அவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. பெற்ற வீட்டிலேயே பெண்ணாக எழுதப்பட்டு, மாப்பிள்ளை பார்க்கப்பட்டு, சிலருக்குக் கல்யாணமும் ஆகி இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறான். வேலையிடத்தில் அவன் ஆண், ஆதாரில் பெண், வீட்டில் பெரிய பெண். திருநம்பி என்ற பெயரையே அவன் போன வருடம்தான் கேள்விப்பட்டான். அப்படிப்பட்டவர்கள் உங்கள் முதல் கேள்விக்கு ஆண் என்று சொல்வார்கள், சார் சொன்ன இரண்டாவது கேள்வியால்தான் தெரியவருவார்கள். அதனால் அந்தக் கேள்வியை எடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தனி அறை மிக மிக முக்கியம், எங்களைவிட.

களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது எங்களில் படித்தவர்களையும் எடுத்துக்கொள். திருநங்கை வீடுகளுக்கு மட்டும் அனுப்ப என்று இல்லை, எல்லா வீட்டுக்கும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலிக்கு. பி.ஏ. முடித்த பெண் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள், டேப்லெட்டும் கைவரும்.

அடுத்த முன்னோட்டத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு மேல் எல்லோரும் இருப்போம். கேள்வி கேட்கத் தொடங்கும் முன் முழுப் படிவத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், உறவுப் பகுதியை முதலில்.